வலைப்பக்கம் எழுதுவார்க்கு ஓர் எடிட்டர்

நம் கல்லூரி விடுதியில் இவ்வாண்டு ஓயாது நடந்த வாதங்களுள் ஒன்று, வலைப்பக்கம் எழுதுவதற்கு விலையின்றிக் கிடைக்கும் எடிட்டர்களுள் எது சிறந்தது என்பதாகும். கணினியியல் மாணவர் ஒருவர் ஒன்றைப் புகழ்வார். அவருடைய அறைத்தோழர் அதனை இகழ்ந்து வேறொன்றைப் புகழ்வார். உணவுமணி அடித்து அனைவரும் எழுந்து செல்லுங்காறும் முடிவு காணப்படாது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் யான் இவ்வாதத்திற் புகுந்தது பலர்க்கு வியப்பாயிருந்தது. தொல்காப்பியமும் நன்னூலும் ஓதுவானுக்கு இக்கருவியோடு யாது தொடர்பு என்று கேட்டு நகைத்தவரும் உளர். தொடர்பு உண்டு. அஃது இன்னதென்று உள்ளவாறு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வலைப்பக்கம் என்பது உலாவியிற் காணுங்கால் நிறமும் படமும் உடையதாய்த் தோன்றினும், அடியில் அஃது எழுத்துக்கள் நிரம்பிய ஒரு கோப்பே. இது தலைப்பு, இது பத்தி, இது பாட்டின் ஓரடி என்று ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் கோணக்குறிகளுள் சிறு பெயரிட்டு எழுதும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். அதன் தோற்றத்தை வகுப்பது சி.எஸ்.எஸ். இவ்விரண்டையும் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளே எடிட்டர். உரைத்தொகுப்பி என்று கலைச்சொல் வகுத்தோர் கூறுவர். நற்சொல்லே, ஆயினும் ஆசிரியர் முதல் மாணவர் ஈறாக யாவரும் எடிட்டர் என்றே வழங்குதலின் யானும் அவ்வாறே வழங்குகின்றேன். எச்.டி.எம்.எல். நிரலன்று, குறிப்பு மட்டுமே என்று கணினியியல் நண்பர் சிலர் திருத்துவதுண்டு. அவர் கூற்று எனக்கு உவப்பானதே. மூலம், பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்று உரையாசிரியர் ஏட்டைப் பகுத்தெழுதியதும் இத்தகைய தொழில் அன்றோ?

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவிற்கொள்ளுதல் நன்று. 1989-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வலைக்கு வித்திட்ட டிம் பெர்னர்ஸ்-லீ என்பார், 1990-இல் ஆக்கிய முதல் உலாவி, பக்கத்தைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உதவிற்று. படிப்போன் வேறு எழுதுவோன் வேறு என்னும் பிரிவை அவர் கருதவில்லை. பின்னர்ப் பரவிய உலாவிகள் பெரும்பாலும் படிக்க மட்டுமே பயன்பட்டமையால், எழுதுவார் தனிக்கருவி தேடலாயினர். செர்ன் நிலையத்தார் 1993 ஏப்ரல் 30-ஆம் நாளில் அம்மென்பொருளை உரிமைத்தொகை எதுவுமின்றி உலகத்தார்க்கு விட்டுக்கொடுத்தனர். வலைப்பக்கம் எழுதுவதற்கு எவரிடத்தும் அனுமதி பெறவேண்டுவதில்லை என்னும் நிலை அன்று உறுதியாயிற்று.

இனி, எனக்கு நேர்ந்த தேவையைக் கூறுவேன்.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர்ச் சபையில் உபதேசியாராய் இருந்தவர். பகலிற் பிள்ளைகட்கு எழுத்தறிவித்து, மாலையில் ஜெபக்கூட்டம் நடத்தி, எஞ்சிய நேரத்தில் கீர்த்தனைகள் இயற்றுவார். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் முறை வழுவாது, இராகமும் தாளமும் குறித்து அவர் எழுதியவை நாற்பத்துமூன்று. அவை நாடெங்கும் பெயர்பெற்றவை அல்ல. அறுப்பின் பண்டிகையிலும் அசனப் பண்டிகையிலும் எங்கள் ஊரார் பாடுவர், அவ்வளவே. என் தந்தையார் அருகிலுள்ள பட்டணத்திற் சிறியதொரு டி.டி.பி. நிலையம் வைத்திருந்தார். திருமண அழைப்பிதழ்களும் சபைக் கைப்பிரதிகளுமே அவர்க்குப் பிழைப்பு. 1998-இல் பாட்டனார் காலமானபொழுது, அக்கீர்த்தனைகளை நூலாக்க விழைந்து, கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் தம் கையாலேயே தட்டச்சிட்டார். இருநூறு படிகள் அச்சாயின. யான் பிறப்பதற்குப் பல்லாண்டு முன்னர் நிகழ்ந்தது இது.

அவ்விருநூற்றுள் எங்கள் வீட்டில் இன்று எஞ்சியிருப்பது ஒன்று. அதிலும் இறுதிப் பக்கங்கள் எட்டினைக் கறையான் அரித்துவிட்டது. கையெழுத்துப் பிரதி வீடு மாறியபொழுது காணாமற்போயிற்று. நூலைப் பக்கமமைத்த கோப்போ, அதனை ஆக்கிய மென்பொருள் எங்களிடமுள்ள கணினி எதிலும் ஓடாமையாற் றிறப்பாரற்றுக் கிடக்கின்றது. அம்மென்பொருளோடு வந்த தமிழ் எழுத்துருவிற்கு ஒரு பூட்டு உண்டு. கணினியின் பின்புறத்திற் செருகி வைக்கும் சிறு கருவி அது. அது செருகப்பட்டிருந்தாலன்றித் தமிழ் தோன்றாது. விற்ற நிலையத்தார் கடையை மூடிச் சென்றனர். பூட்டுக்கருவி பழுதுற்றபின் மாற்றுக் கொடுப்பார் இலர். கைப்பொருள் கொடுத்து வாங்கிய கருவியே. எனினும் தம் தந்தையின் பாட்டைத் தாம் தட்டச்சிட்ட கோப்பிற் படிக்க என் தந்தையாரால் இயலாமற்போயிற்று. இதனை அவர் குறைகூறிப் பேசியதில்லை. ஆயினும் பண்டிகைக் காலங்களில் யாரேனும் பாட்டுப்புத்தகம் கேட்டால் அவர் முகம் சிறிது வாடுதலைச் சிறுவயது முதலே கண்டிருக்கின்றேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையிற் பழைய பெட்டியொன்றில் ஒரு குறுந்தகடு அகப்பட்டது. பக்கமமைப்பதற்கு முன் பாட்டுக்களை வெற்றுரைக் கோப்பாகத் தந்தையார் அதிற் சேமித்து வைத்திருந்தார். அக்கோப்புத் திறந்தது. ஆனால் திரையிற் கண்டவை தமிழெழுத்துக்கள் அல்ல. ஆங்கில எழுத்துக்களும், பிரஞ்சு முதலிய மொழிகளில் வழங்கும் மேற்குறியிட்ட எழுத்துக்களும் தாறுமாறாய்க் கலந்து நின்றன.

இதற்குக் காரணம் எளிது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், ஒரு பைட்டில் அடங்கும் 256 இடங்களுள், ஆங்கில எழுத்திற்குரிய இடத்திலும் பிற இடங்களிலும் தமிழ் வடிவங்களை வைத்து ஆக்கப்பட்டவை. எவ்விடத்தில் எவ்வடிவம் என்பது விற்பனையாளர்தோறும் வேறுபட்டது. 1991-இல் வெளிவந்த யூனிக்கோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தொகுதி வகுக்கப்பட்டிருந்தது. 1999-இல் சென்னையிற் கூடிய தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. எனினும் சிற்றூர் அச்சகங்களில் அவரவர் வாங்கிய எழுத்துருவே அவரவர்க்கு மறை. ஆகவே, யான் செய்யவேண்டியது இது: கோப்பினை யூனிக்கோடாக மாற்றுதல், கீர்த்தனைக்கு ஒன்றாக நாற்பத்துமூன்று வலைப்பக்கங்கள் எழுதுதல். எங்கள் ஊரார் பலர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பரவியுள்ளனர். கைப்பேசியிற் பக்கத்தைத் திறந்து அவர் பாடலாம்.

இத்தேவையோடு விடுதி வாதத்திற் புகுந்தபின், எடிட்டரைப் பற்றி யான் கேட்ட கேள்விகள் நண்பர் கேட்டவற்றினின்றும் வேறாயின. அவர் அழகையும் விரைவையும் பேசினர். யானோ, இக்கருவி நாளை மறைந்தால் என் கையில் எஞ்சுவது யாது என்று கேட்டேன். தமிழெழுத்தை இது சிதையாமற் காட்டுமா, யான் அறியாமல் எதனையும் மாற்றிச் சேமிக்குமா என்றும் கேட்டேன்.

இரண்டாவது அச்சம் வீணானதன்று. விண்டோசுடன் வரும் நோட்பேட், 2019-க்கு முற்பட்ட பதிப்புக்களில், ஆன்சி என்னும் பழைய குறியீட்டிலேயே இயல்பாகச் சேமிப்பது. தமிழ் எழுதி, அது காட்டும் எச்சரிக்கையைப் படியாது பொத்தானை அழுத்தினால், மறுமுறை திறக்கும்பொழுது எழுத்துக்களின் இடத்தில் வினாக்குறிகளே வரிசையாய் நிற்கும். அவ்வினாக்குறியிலிருந்து மூல எழுத்தை மீட்க எவராலும் இயலாது.

பக்கத்தைத் தோற்றத்திற் கண்டபடியே எழுதலாம், குறிமொழி அறிய வேண்டா என்று கூறும் கருவிகளும் உள. இவற்றை யான் நெடிது ஆராயவில்லை. எழுதுவோன் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால், கருவி தன் விருப்பம்போற் பத்துக் குறிகளைக் கோப்பிற் செருகிவிடுகின்றது. பிறிதொருவர் பிறிதொரு கருவியிற் றிறக்கும்பொழுது அக்குறிகள் எதற்கென்று விளங்காது.

கருவிகள் மறைவதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. ஆட்டம் என்னும் எடிட்டரை 2014-இல் கிட்ஹப் நிறுவனத்தார் வெளியிட்டனர். அழகியது, விருப்பம்போல் மாற்றிக்கொள்ளத் தக்கது, பலர் விரும்பிக் கையாண்டனர். 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாப்ட் வாங்கிற்று. 2022 ஜூன் மாதத்தில் ஆட்டம் நிறுத்தப்படும் என்று அறிவித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 15-இல் அதன் பணி முடிந்தது. ஆட்டத்திற்கென அமைத்த எலக்ட்ரான் என்னும் அடித்தளம் மட்டும் இன்றும் பல மென்பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. தாய் இறந்தும் சேய் வாழ்கின்றது. வலைப்பக்கம் எழுதுவார்க்கென்றே அடோபி நிறுவனத்தார் வெளியிட்ட பிராக்கெட்ஸ் என்பதும் இவ்வாறே. 2021 செப்டம்பர் முதல் நாளோடு அவர் அதனைக் கைவிட்டனர். எழுத எழுத உலாவியில் உடனே மாற்றம் தோன்றுவது அதன் சிறப்பு. ஆயினும் இவ்விரண்டன் முடிவிற்கும் எங்கள் வீட்டுப் பூட்டுக்கருவியின் முடிவிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. இவற்றின் மூலநிரல் உலகறிய வெளியிடப்பட்டது. ஆதலின் ஆட்டத்தின் வழித்தோன்றலாகப் பல்சார் என்பதனைத் தன்னார்வலர் நடத்துகின்றனர்; பிராக்கெட்ஸையும் வேறு சிலர் எடுத்து வளர்த்தனர். அனைத்தினும் மேலாக, அவற்றில் எழுதிய கோப்பு எதுவும் பூட்டுண்டு கிடக்கவில்லை. எந்த எடிட்டரிலும் திறக்கும்.

இலவசம் என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குதலால் அந்நாட்டார் நெடுங்காலம் இடர்ப்பட்டுள்ளனர். இலவசம் என்றும் கட்டற்றது என்றும் நமக்கு இரு சொற்கள் உண்மையின் அம்மயக்கம் வேண்டுவதில்லை. இருந்தும் விடுதி வாதத்தில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மனும் அவரைச் சார்ந்தோரும் வகுத்த உரிமைகள் நான்கு: எக்காரியத்திற்கும் பயன்படுத்துதல், உள்ளமைப்பைக் கற்று மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றியதையும் வழங்குதல். இவை உள்ளவழியே மென்பொருள் கட்டற்றது. விலையில்லாதது எல்லாம் கட்டற்றதன்று. வழிப்போக்கனுக்கு இரவு தங்கத் திண்ணையை விடுதற்கும், அவன் பெயர்க்கு அத்திண்ணையை எழுதிக் கொடுத்தற்கும் உள்ள வேறுபாடு இஃது.

வாதத்திற் பெரும்பாலார் வாக்கைப் பெற்றது விசுவல் ஸ்டூடியோ கோடு. மைக்ரோசாப்ட் 2015-இல் வெளியிட்டது. அதன் திறமையை மறுப்பதற்கில்லை. ஒரு குறியைத் திறந்தவுடன் முடிவுக்குறியைத் தானே இடும், சி.எஸ்.எஸ்-இல் எழுத்துப்பிழை நேர்ந்தால் நெளிகோடிட்டுக் காட்டும். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பு முதலாகக் கண்ணுக்குத் தோன்றாத எழுத்துக்களையும் கட்டமிட்டுக் காட்டும். இப்பின்னது தமிழ் எழுதுவார்க்கு நன்கு பயன்படும். ககர ஒற்றும் ஷகரமும் கூட்டெழுத்தாகாமல் தனித்தனி நிற்க, இடையே தோன்றா எழுத்தொன்றைச் சிலர் இடுவர். தேடும்பொழுது சொல் அகப்படாமைக்கு அதுவே காரணமாயிருக்கும்.

எனினும் உரிமையைப் பற்றி ஆராய்ந்தபொழுது ஒன்று தெரிந்தது. அதன் மூலநிரல் எம்.ஐ.டி. என்னும் தாராளமான உரிமத்தில் உள்ளது; நிறுவனத்தார் தம் தளத்தில் ஆயத்தமாய்த் தரும் பொதியோ வேறோர் உரிமத்தின்கீழ் வருவது. அப்பொதி, நாம் நிறுத்தினாலன்றி, பயன்பாட்டுச் செய்திகளை நிறுவனத்திற்கு அனுப்பும். அம்மூலநிரலிலிருந்தே, செய்தி அனுப்பும் பகுதியை நீக்கி, கட்டற்ற உரிமத்தோடு வி.எஸ்.கோடியம் என்னும் பொதியைத் தன்னார்வலர் ஆக்கித் தருகின்றனர். எனக்கிருந்த தடை வேறு. எலக்ட்ரான் அடித்தளம் என்பது உலாவி ஒன்றையே உள்ளடக்கியது. எடிட்டரைத் திறத்தல் முழு உலாவியைத் திறத்தல் போலாம். எங்கள் கணினியறையிலுள்ள பொறிகள் பல 4 ஜி.பி. நினைவகம் உடையன. உலாவியோடு இதனையும் திறந்தால் அவை மூச்சுத் திணறுகின்றன. தந்தையாரின் பழைய மடிக்கணினியின் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

விம் என்பதனைக் கைக்கொள்ளுமாறு கணித வகுப்பு நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். 1991-இல் நெதர்லாந்து நாட்டினராகிய பிராம் மூலெனார் வெளியிட்டது. அதனினும் பழைய, 1976-இல் பில் ஜாய் ஆக்கிய வி-ஐ என்னும் எடிட்டரின் வழிவந்தது. திறந்தவுடன் தோன்றும் முகப்பில் உகாண்டா நாட்டு ஏழைப் பிள்ளைகட்கு உதவுக என்று ஒரு வேண்டுகோள் காணப்படும். மூலெனார் 1994-இல் கிபாலே என்னும் ஊரிலுள்ள பிள்ளைகள் நிலையத்தில் தொண்டு புரிந்தவர். தம் மென்பொருளுக்கு விலை கேளாது, பயன்பெற்றோர் விரும்பின் அப்பிள்ளைகட்கு ஈக என்று வேண்டினார். 2023 ஆகஸ்டு 3-ஆம் நாள் அவர் காலமானார். இவ்வரலாற்றைப் படித்த அன்று, வேறெதனையும் ஆராயாது விம் ஒன்றையே கொள்ளலாம் என்று மனம் உருகியது உண்மை. ஆனால் அதன் எழுத்துச்சாளரத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலமுள்ள கட்டத்தில் அடங்கவேண்டும். ரகரமும் ணௌகாரமும் ஒரே அகலத்தில் எவ்வாறு அடங்கும்? எழுத்து எழுத்தின்மேல் ஏறிற்று. அன்றியும் விம்மில் விசைகளே கட்டளைகள். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியவுடன் கட்டளையிட்ட இடத்திற் கட்டளை நடவாது தமிழெழுத்துப் பிறக்கும். இதற்கும் வழி உண்டென்று நண்பர் ஒரு நீண்ட அமைப்பை எழுதிக் காட்டினார். கைகூப்பி விடைபெற்றேன்.

முடிவாக யான் கொண்டவை இரண்டு. விண்டோசு உள்ள கல்லூரிக் கணினிகளில் நோட்பேட் பிளஸ் பிளஸ். லினக்ஸ் உள்ள வீட்டு மடிக்கணினியில் ஜீனி. முன்னது டான் ஹோ என்பார் 2003-இல் வெளியிட்டது. பின்னது 2005-இல் தோன்றியது. இரண்டும் குனூ பொது உரிமத்தின்கீழ் வருவன. இரண்டன் உள்ளேயும் சின்டில்லா என்னும் ஒரே எழுத்துப்பொறி இயங்குதலால் உடன்பிறந்தார் போல்வன. பழைய கணினியிலும் கைதட்டும் பொழுதில் திறக்கின்றன. எழுத எழுத உலாவியிற் காட்டும் வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் சேமித்து உலாவியைப் புதுப்பிக்கவேண்டும். ஜாவாஸ்கிரிப்டிற் பெரும்பணி செய்வார்க்கு இவை போதா என்று நண்பர் கூறியதை யான் மறுக்கேன். பாட்டெழுதிய பக்கத்திற்கு இவை மிகுதி.

நோட்பேட் பிளஸ் பிளஸில் என் மனத்தைக் கவர்ந்தது குறியீட்டுப் பட்டி. கோப்பை இக்குறியீட்டின்படி படிக்க என்பது ஒரு கட்டளை. இக்குறியீட்டிற்கு மாற்றுக என்பது வேறொரு கட்டளை. முன்னது ஏட்டைப் படிக்கும் முறையை மாற்றுதல். பின்னது ஏட்டையே வேறாக எழுதுதல். இவ்விரண்டையும் வேறு பிரித்துக் கேட்கும் கருவியை நம்பலாம் என்று தோன்றிற்று.

பின்னர் வேலை தொடங்கினேன். இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகள் பெயர்பெற்ற எழுத்துருக்களை அறியும்; எங்கள் எழுத்துருவை அறிந்தில. ஆகவே அச்சுநூலை ஒருபுறமும் கோப்பை மறுபுறமும் வைத்து, இக்குறிக்கு இவ்வடிவம் என்று பட்டியல் எழுதினேன். அதன்பின் வந்தது வரிசைச் சிக்கல். பழைய எழுத்துருவில் எழுத்துக்கள் கண்ணுக்குத் தோன்றும் முறையில் நின்றன. 'கெ' என்பதில் கொம்பு முன், ககரம் பின். யூனிக்கோடிலோ ஒலிமுறை, ககரம் முன், எகரக்குறி பின். 'கொ' என்பது பழைய கோப்பிற் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. புதியதில் ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு.

ரெகெக்ஸ் எனப்படும் விதிமுறைத் தேடல் இங்கே கைகொடுத்தது. கொம்பின்பின் எந்த மெய்யுருவம் வரினும் இடமாற்றுக என்று ஒரு விதி எழுதினால், ஆயிரம் இடங்கள் நொடியில் மாறும். ஆனால் விதிகளின் வரிசை தவறலாகாது. மூன்று துண்டுகளைச் சேர்க்கும் விதி முன்னும், இரண்டு துண்டுகளை மாற்றும் விதி பின்னும் வரவேண்டும். முன்பின் மாறினால் எகரக்குறியும் காலும் தனித்தனி நின்றுவிடும். கண்ணுக்கு 'கொ' என்றே தோன்றும். தேடினால் மட்டும் அகப்படாது. சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்று புணரியலிற் பயின்றவனுக்கு இது புதிய பாடமாய்த் தோன்றவில்லை. கணினியியல் நண்பர் இருவர் இவ்விதிகளைப் பார்த்து, இலக்கணம் படிப்பது இதற்குத்தானா என்று கேட்டனர்.

ஔகாரந்தான் மிகவும் வருத்திற்று. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்னுறுப்பும் ளகரமும் ஒரே வடிவம். கொம்பு, மெய்யுருவம், ளகரம் என்பவற்றை ஔகாரமாக்குக என்று விதி எழுதினால், மௌனம் செவ்வையாகும். வெள்ளம் என்பதோ வகர ஔகாரத்தின்மேற் புள்ளியிட்ட பேயுருவாய் மாறும். இணையத்திற் பல பழம்பாட்டுப் பக்கங்களில் இப்பேயுருவத்தை யான் கண்டிருக்கின்றேன். இத்தகைய விதி ஒன்றை எவரோ முழுக் கோப்பிற்கும் ஏவியதன் பயன் போலும். பொறிக்கு இவ்விடத்தில் விதி வகுத்தல் இயலாது, சொல்லறிவே வேண்டும். ஆதலின் எடிட்டரை ஒவ்வோரிடமாய் நிறுத்தச் செய்து, ஆம் அல்லது அன்று என்று யானே விடை கூறினேன். வெள்ளை, வெளிச்சம், தெளிவு, உள்ளம் வெள்ளம் என்று கீர்த்தனைகளில் ளகரம் மலிந்து கிடந்தது; மெய்யாகவே ஔகாரம் உடையன மௌனம், கௌரவம் போன்ற சிலவே. பவுல், சவுல் என்னும் பெயர்களை நம் வேதாகமம் வகர உகரத்தால் எழுதுவது எனக்கு எதிர்பாராத உதவியாயிற்று.

எஞ்சியது மீளா இழப்பு. இடையே எப்பொழுதோ ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்குப் படியெடுத்தபொழுது, அவ்வெழுத்துருவிற் சில இடங்களில் இருந்த வடிவங்கள் வினாக்குறிகளாய்விட்டன. அவற்றுள் 'ரு'வும் 'ழு'வும் அடங்கும். அச்சுநூல் உள்ளவரை கவலையில்லை, பார்த்து நிரப்பினேன். கறையான் அரித்த எட்டுப் பக்கங்களுக்கு வந்தபொழுது நூலின் துணை அற்றது. பெரும்பாலும் சொல்லே தன்னைக் காட்டிற்று. 'தொ'வும் 'து'வும் நின்று நடுவே வினாக்குறி இருப்பின் தொழுது என்பதில் ஐயமில்லை. 'கு'வும் 'தி'யும் இருப்பின் குருதி. ஏடு பார்த்துப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலியோர் புள்ளியில்லாத எழுத்துக்களோடு பட்ட பாட்டை வகுப்பிற் கேட்டபொழுது யான் இவ்வளவு உணர்ந்தேனல்லேன்.

இதனை எழுதும் இந்நாளில் முப்பத்தொரு பக்கங்கள் முடிந்துள்ளன. ஒவ்வொன்றன் தலையிலும் மொழி தமிழ் என்றும் குறியீடு யூ.டி.எஃப்-8 என்றும் எழுதியுள்ளேன். ஜீனியிற் சேமித்ததை நோட்பேட் பிளஸ் பிளஸிலும், நண்பருடைய விசுவல் ஸ்டூடியோ கோடிலும் திறந்து ஒப்பிட்டேன், ஓரெழுத்தும் மாறவில்லை. முதற்பக்கத்தைக் கைப்பேசியிற் கண்ட தந்தையார் இராகத்தின் பெயரை மட்டும் மெல்லப் படித்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

முப்பத்தெட்டாம் கீர்த்தனையில் ஓரிடம் இன்னும் தீர்ந்திலது. அரிக்கப்பட்ட பக்கம், கோப்பில் 'வி', வினாக்குறி, 'து' என்று நிற்கின்றது. விருதோ விழுதோ அறியேன். பாட்டனார் சேனையென்றும் கொடியென்றும் பல பாட்டிற் பாடியவர், விருது பொருந்தும். எங்கள் கோயில் முன்றிலில் ஆலமரம் ஒன்று உண்டு, அதன் நிழலிற்றான் அவர் பாட்டெழுதுவார் என்பர், விழுதும் பொருந்தும். எதுகை வருமிடமன்று, சீரின் அளவும் இரண்டிற்கும் ஒன்றே. அத்தை விழுது என்று பாடுகின்றார். சபை மூப்பர் விருது என்று பாடுகின்றார். தட்டச்சிட்ட தந்தையார்க்கோ நினைவில்லை. பக்கத்தில் அத்தையின் பாடத்தை வைத்து, உலாவிக்குத் தோன்றாத குறிப்பாக மூப்பரின் பாடத்தையும், ஏடு அழிந்த செய்தியையும், கோப்பில் நின்ற வினாக்குறியையும் அவ்வடியின் மேலேயே எழுதி வைத்துள்ளேன். பாடுவார் அதனைக் காணார். பின்னொரு நாள் கோப்பைத் திருத்தத் திறப்பவர், எந்த எடிட்டரில் திறப்பினும், காண்பார்.